ஏலமலை அடிவாரமும் சிறுபத்திரிகைக் கதைகளும்

தமிழில் சிறுபத்திரிகைக்குக் கதை அனுப்பும் வழக்கம் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுப் பழமையானது. கதையைக் கையால் எழுதி, மடித்து உறையிலிட்டு, முகம் தெரியாத ஓர் ஆசிரியருக்குத் தபாலில் சேர்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதே நெடுங்காலம் அதன் வடிவம். அனுப்புகிறவருக்குச் சன்மானம் கிடைக்காது. பெரும்பாலும் கதை வெளியான இதழின் பிரதி ஒன்று மட்டும் வரும். அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிறுகதையின் சிறந்த பகுதி இந்த வழியாகத்தான் வாசகர்களைச் சேர்ந்தது.

இந்த வழக்கத்தை உருவாக்கியவர்களுள் இருவர் மதுரைக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் சாலையோடு பிறப்பாலோ வளர்ப்பாலோ தொடர்புடையவர்கள். பி.எஸ். ராமையாவின் ‘பி’ வத்தலகுண்டு. பழைய ஆங்கில எழுத்துமுறையில் ஊர்ப்பெயர் ‘ப’வில் தொடங்கியதால் வந்த எழுத்து அது. சி.சு. செல்லப்பாவின் ‘சி’ சின்னமனூர். அவர் வளர்ந்தது வத்தலகுண்டில். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், சிலமலையை அடுத்துள்ள ராசிங்காபுரத்திலிருந்து பார்த்தால் சின்னமனூர் பக்கத்து ஊர். வத்தலகுண்டு தேனியைத் தாண்டித் திண்டுக்கல் பாதையில் இருக்கிறது. தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் கும்பகோணத்தையும் திருநெல்வேலியையும் சொல்லும் அளவுக்கு இந்தச் சாலையைச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இதே வத்தலகுண்டு இன்னொரு தொடக்கத்துக்கும் உரியது. பி.ஆர். ராஜமையர் (1872–1898) எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக வந்தது. தமிழின் முதல் நாவல்களில் ஒன்று, புத்தகமாவதற்கு முன் பத்திரிகைக்கு மாதந்தோறும் அனுப்பப்பட்ட கையெழுத்துத் தாள்களாக இருந்தது. அக்காலத்தில் பத்திரிகையை நடத்துகிறவரும் எழுதுகிறவரும் ஒரே வட்டத்தில் பழகியவர்களாக இருந்தார்கள். முன்பின் அறியாதவர் கதை அனுப்புவதும், ஆசிரியர் அதைப் படித்துத் தேர்வதும் அன்று வழக்கமாகவில்லை. 1915இல் ‘விவேக போதினி’யில் வந்த ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையை எழுதியவர் வ.வே.சு. ஐயர். அது அச்சானபோது மனைவி பாக்கியலக்ஷ்மி அம்மாளின் பெயரைத் தாங்கியிருந்தது. பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரியில் வாழ்ந்தவரின் கதை அது.

1930களில் நிலைமை மாறியது. எஸ்.எஸ். வாசன் 1928இல் வாங்கிய ‘ஆனந்த விகடன்’ பல்லாயிரம் வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. 1932இல் ‘கலைமகள்’ வந்தது. விகடன் நடத்திய சிறுகதைப் போட்டி ஊர் ஊராகப் புதியவர்களை எழுதத் தூண்டியது. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்று திரும்பியிருந்த ராமையாவும் அந்தப் போட்டிக்குத்தான் ‘மலரும் மணமும்’ என்ற கதையை அனுப்பிப் பரிசு பெற்றார். அவர் எழுத்தாளரானது இப்படி, முன்பின் தெரியாத ஒரு பத்திரிகைக்குத் தபாலில் போட்ட கதையால். இரண்டே ஆண்டுகளில் அவர் மேசையின் மறுபக்கத்துக்கு, தபாலில் வரும் கதைகளைப் படிக்கும் இடத்துக்குப் போனார்.

‘மணிக்கொடி’ 1933 செப்டம்பரில் கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரால் அரசியல் வார இதழாகத் தொடங்கப்பட்டது. விளம்பரம் சேகரிப்பவராக அதில் நுழைந்த ராமையா, வார இதழ் நின்றுபோன பிறகு 1935 மார்ச்சில் அதைச் சிறுகதைக்கென்றே மாதம் இருமுறை வரும் இதழாக மாற்றினார். பிறகு 1938 தொடக்கம் வரை, மூன்று ஆண்டுகளுக்குள், தமிழ்ச் சிறுகதையின் முகமே மாறிவிட்டது. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, சிதம்பர சுப்ரமணியன் எல்லோரும் அதில் எழுதினார்கள். செல்லப்பாவின் முதல் கதை ‘சுதந்திரச் சங்கு’வில் வந்தது என்றாலும், மணிக்கொடியில் வந்த ‘ஸரஸாவின் பொம்மை’தான் அவரை எழுத்தாளராக நிறுத்தியது. கும்பகோணத்தில் பதினாறு வயதுப் பையனாக இருந்த எம்.வி. வெங்கட்ராம் ‘சிட்டுக்குருவி’ என்ற கதையை அனுப்பினார். 1936இல் அது அச்சாயிற்று. அனுப்பியவரின் வயதையோ படிப்பையோ குலத்தையோ கேட்காமல் கதையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்பது அன்று பெரிய செய்தி.

ராமையாவின் பங்கு வந்ததைத் தேர்வதோடு நிற்கவில்லை. அனுப்பத் தயங்கியவர்களிடமிருந்து அவர் கதையை வாங்கினார். மௌனி அதற்குச் சரியான சான்று. எஸ். மணி என்ற இயற்பெயர் கொண்ட அவர் கும்பகோணத்தில் ராமையாவைச் சந்தித்தார். ராமையாவின் தூண்டுதலால் எழுதினார். ‘மௌனி’ என்ற புனைபெயரும் ராமையா கொடுத்ததுதான். 1936இல் மணிக்கொடியில் தொடங்கி அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிய கதைகள் இரண்டு டஜனைத் தாண்டவில்லை. ராமையா கேட்டிராவிட்டால் அவற்றில் எத்தனை தாளில் இறங்கியிருக்கும் என்பது ஐயமே. அந்த நாட்களின் கதையை ராமையாவே பின்னால் ‘மணிக்கொடி காலம்’ என்ற நூலாக எழுதினார். 1982இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கட்டுப்பாடு வந்தது. அப்போதும் சிறு ஊர்களில் இதழ்கள் பிறந்தன: திருச்சியில் ‘கலாமோகினி’, துறையூரில் கு.ப.ரா. ஆசிரியராக இருந்து பிறகு வல்லிக்கண்ணன் தொடர்ந்த ‘கிராம ஊழியன்’, போர் முடிந்தபின் கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராமின் ‘தேனீ’. மணிக்கொடிக்குக் கதை அனுப்பிய பையன் பத்து ஆண்டுகளுக்குச் சற்றுப் பின் தானே ஒரு பத்திரிகைக்கு ஆசிரியரானார். எழுதுகிறவரே ஒருநாள் இதழ் நடத்துவதும், இதழ் நடத்துகிறவர் இன்னோர் இதழுக்குக் கதை அனுப்புவதும் தமிழில் வழக்கமாயிற்று. கதையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியருக்குத் திரும்பி வந்த கதையின் வலி தெரிந்திருந்தது.

கதை அனுப்புவதற்கு எழுதப்படாத முறைகள் இருந்தன. கோடு போட்ட முழுத்தாளில் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். அச்சுக்கோப்பவர் தாளைக் கண்முன் நிறுத்தி வைத்துக்கொண்டு எழுத்து எடுப்பதால், பின்பக்கம் எழுதிய தாள் அவரைத் தடுமாற வைக்கும். இடப்பக்கம் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மடித்து ஓரம் விட வேண்டும். திருத்தங்களுக்கான இடம் அது. ஒவ்வொரு தாளிலும் பக்க எண். கடைசித் தாளில் பெயரும் முகவரியும். கீழே, கதை தன் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறு எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்படவில்லை என்ற உறுதிமொழி. நீல நிறக் கார்பன் தாள் வைத்து இன்னொரு படி எடுத்துக்கொள்வது அறிவுடைமை; பலர் அதைச் செய்யாமல் ஒரே படியைத் தொலைத்தார்கள்.

பிறகு உறை. தபால்தலை ஒட்டிய, தன் முகவரியைத் தானே எழுதிய இன்னொரு உறையை மடித்து உள்ளே வைத்தால்தான் ஏற்காத கதை திரும்பும். 1972இல் பின்கோடு வந்தபிறகு அந்த உறையின் மூலையில், போடிப் பக்கத்தவர் என்றால், 625 என்று தொடங்கும் ஆறு இலக்கங்களும் ஏறின. செலவைக் குறைக்கப் பலர் வாய் ஒட்டாத புக் போஸ்ட்டில் அனுப்பினார்கள்; அதனுள் சொந்தக் கடிதம் வைக்கக் கூடாது என்பதால், ‘கதை அனுப்பியிருக்கிறேன், பார்த்து எழுதவும்’ என்பது தனிக் கார்டில் போனது. 1980களில் அந்தக் கார்டின் விலை 15 காசு. பெரிய பத்திரிகைகளிலிருந்து, பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துவதாக அச்சிட்ட துண்டுச் சீட்டு வரும். சிறுபத்திரிகையிலிருந்து வருவது ஆசிரியர் கைப்பட எழுதிய கார்டு. மூன்றே வரி இருக்கும்: கதையின் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, முடிவு ஒட்டவில்லை, வேறு ஒன்று அனுப்புங்கள். கிராமத்தில் உட்கார்ந்து எழுதுகிற இளைஞருக்கு வேறு விமரிசகர் கிடையாது. அந்தக் கார்டுகளைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

செல்லப்பா ‘எழுத்து’ இதழை 1959 ஜனவரியில் தொடங்கினார். முகவரி, சென்னை திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் 19-ஏ, அவர் வீடு. 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவர் அறிவித்தபோது பலருக்கு வியப்பாக இருந்தது. அந்த எண்ணிக்கையை இதழ் எட்டவே இல்லை. மனைவியின் நகைகள் கரைந்தன. எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழில் சிறுபத்திரிகை என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் பிடிவாதமும் எளிமையும் இந்த மனிதரிடமிருந்து வந்தவை.

‘எழுத்து’ முதன்மையாக விமரிசனத்துக்கான ஏடு. பின்னால் புதுக்கவிதையின் வீடாயிற்று. கதைகள் குறைவு. ஆனால் அனுப்புதல் என்ற வழக்கத்துக்கு அது செய்தது பெரிது. இருபது வயதை ஒட்டியிருந்த தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், இலங்கையின் திருகோணமலையிலிருந்து கவிதையும் விமரிசனமும் தபாலில் அனுப்பினார். கடல் தாண்டி வந்த அந்தத் தாள்களைச் செல்லப்பா படித்தார், வெளியிட்டார். எழுதியவர் யார், யாருக்கு வேண்டியவர் என்று பார்க்கவில்லை. அதே 1959இல் செல்லப்பா வெளியிட்ட ‘வாடிவாசல்’ மதுரை மேற்குப் பகுதியின் மாடணைதலைப் பற்றியது. அவர் சென்னையில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் எழுத்தில் அந்த வாடிவாசல் மண் ஒட்டியே இருந்தது. அவர் 1998 டிசம்பரில் இறந்தார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல், இறந்த பின் வந்தது.

கதை ஏற்கப்பட்டாலும் அன்று வெளிவர மாதக்கணக்காகும். ஆசிரியரின் மனநிலையைவிட அச்சகத்தின் நிலைமை இதற்குக் காரணம். சிறுபத்திரிகை ஏறும் அச்சகம் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் டிரெடில் அச்சகம். அங்கே சதுரக் குழிகள் கொண்ட சாய்ந்த மரப்பெட்டிகளில் ஈய எழுத்துகள் கிடக்கும். அச்சுக்கோப்பவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையிலுள்ள ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்குவார். ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ எழுத்துகளுக்கும் ‘ணா’, ‘றா’, ‘னா’வுக்கும் 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் வரை தனித்தனி வார்ப்பு. சிறிய அச்சகத்தில் ஒரே நேரத்தில் எட்டுப் பக்கத்துக்குமேல் கோக்க எழுத்து போதாது. அதனால் எட்டுப் பக்கம் கோத்து, படி பார்த்து, அடித்து முடித்து, எழுத்தைப் பிரித்துக் குழிகளில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த எட்டுப் பக்கத்தைத் தொடங்குவார்கள். இடையில் முகூர்த்தம் வந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகைதான் முதலில் ஏறும். இதழ் எட்டின் மடங்காகத்தான் வளரும். பதினேழாவது பக்கத்துக்குச் சிந்தும் கதை ஒன்று வெட்டப்படும், அல்லது அடுத்த இதழுக்குத் தள்ளப்படும். சிறுபத்திரிகைக் கதைகள் பல சிறியவையாக இருந்ததற்கு அழகியல் மட்டுமே காரணமல்ல.

1950களின் நடுவில் தொடங்கி இருபது ஆண்டுகள் இந்த வழக்கத்தின் செழிப்பான காலம். வ. விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’யில் ஜெயகாந்தனும் சுந்தர ராமசாமியும் எழுதினார்கள், இடைசெவல் கிராமத்திலிருந்து கி. ராஜநாராயணன் எழுதிய ‘மாயமான்’ அதில் வெளிவந்தது. தொ.மு.சி. ரகுநாதனின் ‘சாந்தி’ நடத்திய போட்டியில் சுந்தர ராமசாமியின் ‘தண்ணீர்’ பரிசு பெற்றது. ப. ஜீவானந்தம் தொடங்கிய ‘தாமரை’, 1970இல் மதுரையிலிருந்து வரத் தொடங்கிய ‘செம்மலர்’ ஆகியவை உழைப்பவர் வீட்டுக் கதைகளைக் கேட்டு வாங்கின. ‘கணையாழி’ 1965 ஜூலையில் டில்லியில் கி. கஸ்தூரிரங்கனால் தொடங்கப்பட்டது, சென்னையில் இருந்தபடி அசோகமித்திரன் பல ஆண்டு அதன் கதைகளைத் தேர்ந்தார். அவருடைய தேர்வில் தேறுவது ஓர் இளம் எழுத்தாளருக்குப் பட்டம் வாங்கியது போல.

1970 அக்டோபரில் வந்த ‘கசடதபற’ தன்னை வல்லின ஏடு என்று அழைத்துக்கொண்டது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ 1971இல் அதில் அச்சானது. பெரியவளாகும் சிறுமியின் அச்சத்தையும், தாயின் ஒரே சொல் அவளைச் சிதைப்பதையும் சொன்ன அந்தக் கதைக்கு அன்றைய குடும்பப் பத்திரிகைகளில் இடம் இருந்திருக்காது. சில நூறு பேர் படித்த இதழில் வந்த கதை இன்று பல்கலைக்கழகப் பாடமாக இருக்கிறது. அதே 1970இல் சென்னையில் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்து பரிசளித்து, ஆண்டு முடிவில் தொகுப்பாகவும் வெளியிட்டது. பெரிய பத்திரிகை, சிறிய பத்திரிகை இரண்டையும் ஒரே தட்டில் வைத்த முயற்சி அது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். முடிதிருத்தும் தொழில் செய்த அவருடைய சலூன்தான் இதழின் முதல் அலுவலகம். கதை கொண்டுவருகிறவர்கள் அங்கேயே வந்து கொடுத்தார்கள். இதழை அவரே கையில் எடுத்துக்கொண்டு தெருவில் விற்றார். அதற்கு முன்பே, 1960இல், ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்காக இலங்கைச் சாகித்திய விருது பெற்றிருந்தார். உள்நாட்டுப் போரையும் இடப்பெயர்வையும் தாண்டி ‘மல்லிகை’ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்தது.

ராசிங்காபுரம் போன்ற ஊருக்கு இந்த உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு தபால்பை. மேற்கே சுவர்போல மலை. காலையில் ஜீப்புகள் போடிமெட்டு பக்கமாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும். வேலை களையெடுப்பும் காயெடுப்பும். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் போடியில் ஏலம் போய் வடக்கே போகிறது. பணப்பயிரின் சரக்கு நூறு ஆண்டுகளாக வெளியூர் செல்லும் ஊரிலிருந்து, கதை வெளியூர் போவதற்கு வழி அவ்வளவு எளிதாக இல்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது; உலகப்போரில் அந்தத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் மறுபடி போடப்பட்டது. சென்னைக்கு அனுப்பிய உறை மதுரை போய், அங்கிருந்து இன்னொரு இரவு பயணம் செய்யும். பதில் வர ஒரு மாதமா, மூன்று மாதமா என்பது இதழாசிரியரின் வேலைப்பளுவைப் பொறுத்தது. இதழின் முகவரி கிடைப்பதே முதல் தடை. சிறுபத்திரிகைகள் பஸ் நிலையக் கடையில் தொங்குவதில்லை. மதுரைக்குப் படிக்கப் போனவர் கொண்டுவந்த ஒரு பழைய இதழின் பின்னட்டையிலிருந்துதான் முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மண்ணிலிருந்து எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. போடி மீனாட்சிபுரத்து நா. காமராசன் கவிதையில் தன் பெயரை நிறுத்தினார். தேனி அல்லிநகரத்து ம. காமுத்துரை ‘மில்’, ‘குதிப்பி’ போன்ற நாவல்களில் பஞ்சாலையையும் சமையல் தொழிலாளர்களையும் எழுதினார். 1975இல் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் ‘செம்மலர்’ இதழும் இப்பகுதியில் அவரைப் போன்ற பலருக்குக் கதவாக இருந்தன. போடிநாயக்கனூர் எஸ். செந்தில்குமாரின் ‘கழுதைப்பாதை’, ஜீப் சாலை வருவதற்கு முன் மலைக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப்போய்த் திரும்பிய கழுதைக்காரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். ஏலக்காயின் மணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதை முதுகில் சுமந்து இறக்கியவர்களைப் பற்றித் தமிழில் எழுத அந்த ஊர்க்காரர் ஒருவர் வர வேண்டியிருந்தது.

1980களின் இறுதியில் கணினி அச்சுக்கோப்பு வந்தது. ஈய எழுத்தும் எட்டுப் பக்கக் கணக்கும் போயின. கதை நீண்டாலும் அச்சகம் தடுக்கவில்லை. 1988இல் சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ‘காலச்சுவடு’ தொடங்கினார். கோவில்பட்டியில் கோணங்கியின் ‘கல்குதிரை’ வந்தது. 1991 முதல் 1995 வரை கோமல் சுவாமிநாதனின் ‘சுபமங்களா’ சிறுபத்திரிகை எழுத்தாளர்களைப் பரந்த வாசகர்களிடம் கொண்டுபோனது. சிறுபத்திரிகைக்கும் பெரிய பத்திரிகைக்கும் நடுவில் ஓர் இடைநிலை உருவாகி, சில இதழ்கள் சன்மானமும் தரத் தொடங்கின. தட்டச்சு செய்த கோப்பு அனுப்புவது முதலில் பெரும் தொல்லை. அனுப்பியவர் ஓர் எழுத்துருவில் அடித்திருப்பார். இதழில் அது இல்லாவிட்டால் கதை முழுதும் புரியாத குறிகளாக விரியும். 2000த்துக்குப் பின் யூனிகோட் பரவியபிறகே அது தீர்ந்தது.

இப்போது கதை மின்னஞ்சலில் போகிறது. ராசிங்காபுரத்தில் கைப்பேசியில் விரலால் அடித்த கதை அடுத்த நிமிடம் ஆசிரியரிடம் இருக்கிறது. சுயவிலாச உறை வழக்கொழிந்தது. 2025இல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுத் தனிச் சேவையாக இல்லாமல் போனது. ஏற்காத கதை திரும்பி வருவதில்லை. பெரும்பாலும் பதிலும் வருவதில்லை. மூன்று வரிக் கார்டு நின்றது இந்த மாற்றத்தில் உண்மையான இழப்பு. மேட்டூர் அருகே ஏர்வாடியிலிருந்து வரும் ‘மணல்வீடு’ போன்ற இதழ்கள் இன்றும் கிராமத்து முகவரியில் இயங்குகின்றன. அவற்றின் ஆசிரியர்கள் வந்த கதையைப் படித்துவிட்டுக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பேசுவதுண்டு. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. கையெழுத்துப் பிரதி எதுவும் இன்று அந்தத் தடத்தில் போக வேண்டியதில்லை. கதை வெளியான இதழின் பிரதி மட்டும் இன்னும் தபாலில்தான் ஊருக்கு வருகிறது.